பழைய காரில் விட்டு விட்டு வரும் "க்ரீச்" சத்தம்: உங்களுக்கு எப்படி பிடிபட்டுச்சு?

மேலூர்_ரோடு:
அப்பா வெச்சிருந்த 2005 மாடல் கார், இப்ப என்கிட்ட. மூணு மாசமா முன்னாடி இடது சக்கரத்துப் பக்கம் ஊசியால தகரத்தக் கீறுற மாதிரி ஒரு சத்தம். கெளம்புன உடனே வராது, இருபது நிமிஷம் ஓடுனப்புறம் நாப்பதுல போறப்ப வரும், அப்புறம் தானா அடங்கிடும். மெக்கானிக்க பக்கத்துல உக்கார வெச்சு நாலு ரவுண்டு போனா ஒண்ணுமே கேக்காது, அது எல்லாருக்கும் தெரிஞ்ச கததான்.

மொத ஷெட்டுல ஃபேன் பெல்ட் மாத்துனாங்க. ரெண்டாவது எடத்துல வீல் பேரிங், 2,800 ரூபா. மூணாவது எடத்துல நானே, சக்கரத்தோட சுத்தற டிஸ்க்க ரெண்டு பக்கமும் கவ்வற பிரேக் பேட்ட பாருங்கன்னு கேட்டேன், சக்கரத்தக் கழட்டாம வீல் ஓட்ட வழியா டார்ச் அடிச்சுப் பாத்துட்டு "பாதிக்கு மேல இருக்கு சார், ஒரு வருஷம் ஓடும்"னு அனுப்பிட்டாங்க.

ஒருநா சாயங்காலம் ஒத்தக்கடை தாண்டி வரேன், இடது பக்கம் நீளமா ஒரு காம்பவுண்டு சுவரு, ஜன்னல் எறக்கியிருந்துச்சு. சுவத்துல பட்டுத் திரும்பி வந்ததுல சத்தம் காதுக்குள்ள எறங்குது. சும்மா பிரேக் மேல கால லேசா வெச்சேன், வண்டி ஸ்பீடு கூட கொறையல, சத்தம் கத்திரிச்ச மாதிரி நின்னுச்சு. கால எடுத்தேன், வந்துச்சு. வெச்சேன், நின்னுச்சு. அந்தச் சுவரு முடியறதுக்குள்ள ஏழெட்டு தடவ பண்ணியிருப்பேன், கையெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு.

மறுநா முன்னாடியே நின்னு கழட்டச் சொன்னேன். வெளிப்பக்க பேட் அவங்க சொன்ன மாதிரி நல்லாத்தான் இருக்கு. உள்பக்க பேட் ஒத்த ரூவா காசு கனம். பேட் ரெண்டையும் அமுக்கற காலிப்பர், அது வழுக்கி நகர்ற இரும்புக் குச்சி (பின்) துருப்புடிச்சு ஜாம் ஆயிருக்கு, அதனால மொத்த வேலையும் உள்பக்க பேட் தலையில. பேட் தேய்ஞ்சுட்டா சத்தம் போட்டுச் சொல்றதுக்குன்னே அந்தப் பேட்ல சின்னதா ஒரு தகரக் கொக்கி இருக்கும்ல, அது டிஸ்க்ல ஒரசித்தான் அவ்வளவு நாளா கத்தியிருக்கு.

இப்பவும் தூக்கம் வராததுக்குக் காரணம் வேற. அந்த மூணு மாசத்துக்குள்ள அம்மா, பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்கள ஏத்திக்கிட்டு கொடைக்கானல் போயிட்டு வந்திருக்கேன். எறங்கறப்ப பின் சீட்டுல சின்னவன் தூங்கிட்டு வந்தான். அந்த பேட்டோடதான் வத்தலக்குண்டு வரைக்கும் எறங்கியிருக்கேன்.

கரூர்_தறி:
மேலூர் அண்ணா, தப்பா நெனைக்காதீங்க, பேட் சத்தம்னா பிரேக் புடிக்கறப்பதானுங்க வரும்? நீங்க சொல்றது தலைகீழா இருக்குதுங்களே. நூத்துக்குத் தொண்ணூறு க்ரீச் சத்தம் பெல்ட்டுதான், என் வண்டியில அதுதான்.

என்னோடது 2001. காலைல மொத ஸ்டார்ட்ல தெருவே எந்திரிக்கிற மாதிரி கத்தும், ரெண்டு நிமிஷத்துல நின்னுரும். மழ பேஞ்ச மறுநாளு இன்னும் ஜாஸ்தி. சிக்னல்ல நின்னு ஏசி போட்டா ஒரு கத்து. எதுத்த வீட்டுப் பாட்டி ஒருநா "சாமி, கொளந்த இப்பத்தான் தூங்குது, வண்டியத் தள்ளிக்கிட்டுப் போய் எடு"ன்னாங்க. அன்னிலிருந்து ஒரு மாசம் தெருமொன வரைக்கும் தள்ளிக்கிட்டுத்தான் போனனுங்க.

பெல்ட் ரெண்டு தடவ மாத்தியாச்சு. புதுசு போட்டா ரெண்டு வாரம் அமைதி, மறுபடி பழைய குருடி. மூணாவது தடவ கழட்டுன பெல்ட்ட நான் கைல வாங்கிப் பாத்தேன், வெரல் வழுக்குது. மோந்து பாத்தா இன்ஜின் ஆயில் வாசன. இன்ஜினோட மேல்மூடி, அதான் டேப்பட் கவர், அதோட பேக்கிங் போய், ராத்திரி நிக்கறப்ப ஒரு சொட்டு ரெண்டு சொட்டா பெல்ட் மேல எறங்கியிருக்குது. பேக்கிங் மாத்தி, பெல்ட் ஓடற புல்லிச் சக்கரத்தத் தொடச்சு, புது பெல்ட் போட்டதோட சரிங்க. பெல்ட் கத்துச்சுன்னா பெல்ட்டத்தான் குத்தம் சொல்லுவோம், அது மேல என்ன விழுதுன்னு யாரும் பாக்கறதில்ல.

மேலூர்_ரோடு:
தம்பி, தலைகீழா இருக்கறதாலதான் மூணு பேரும் ஏமாந்தாங்க, நானும் ஏமாந்தேன். அந்தக் கொக்கி சும்மா ஓடறப்ப டிஸ்க்ல லேசா ஒரசும், அதிரும், அதான் சத்தம். பிரேக் அமுக்குனா பேட் இறுகி அதிர்றது நின்னுரும். சில வண்டில புடிக்கறப்பதான் கத்தும், ஒத்துக்கறேன், ஆனா புடிச்சா நிக்குதுங்கறத வெச்சு பேட் இல்லன்னு முடிவு பண்ணிறாதீங்க. உங்க வீட்டு வண்டில உள்பக்க பேட் கடைசியா எப்ப பாத்தீங்க?

யாழ்_ஒஸ்ரின்:
நான் சொல்லப்போறது இப்பத்தைக் கார் இல்லை. அப்பாட்ட ஒரு ஒஸ்ரின் ஏ40 கார் நிண்டது, அதிலைதான் ஹயர், அதாவது வாடகைக்கு, ஓடினவர். 1992, யாழ்ப்பாணத்தில சண்டைக் காலம், கரண்ட் இல்லை, பெற்றோல் இல்லை. கொஞ்சப் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓடின காலம், அதைக் கண்டாக்களுக்குத் தெரியும்.

காருக்கு ஒரு கீச்சல் இருந்தது. சூடானால் வரும், கொஞ்சம் ஆறவிட்டால் போகும். பெல்ற் எண்டு சொல்லி அதை இறுக்கினம், கூடிச்சுதே தவிரக் குறையேல்லை. ஒரு நாள் இரவு பக்கத்து வளவு அக்காவுக்கு வயித்துக்குத்து, தலைப்பிள்ளை. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேணும். லைற்றும் போடாமல் போறம், ஊரே அடங்கிக் கிடக்கு, இந்தக் கீச்சல் மட்டும் ஒழுங்கை முழுக்கக் கேக்குது. பின்னால அக்கா அனுங்கிற சத்தம், முன்னால இந்தச் சத்தம்.

அப்பா பாதி வழியில நிப்பாட்டி பொனற்றைத் திறந்தார். எனக்குப் பன்னிரண்டு வயசு, குப்பி விளக்கைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். மரப்பிடி போட்ட நீட்டு ஸ்குறூ றைவரின்ரை நுனியை ஒவ்வொரு இடமா வைச்சு, பிடியைக் காதோடை வைச்சுக் கேட்டார். வாட்டர் பம்பில வைச்சார், இல்லை எண்டு தலையாட்டினார். பற்றரிக்குக் கரண்ட் குடுக்கிற டைனமோவின்ரை பின்பக்கத்தில வைச்ச உடனை முகம் மாறிச்சுது. பழைய டைனமோக்களுக்குப் பின்பக்கம் தண்டு சுத்திற புஷ்சுக்கு எண்ணெய் விட ஒரு சின்ன ஓட்டை இருக்கும். எத்தனை வருசமா ஒருத்தரும் விடேல்லையோ தெரியாது, ஊத்தை பிடிச்சு மூடிப்போய்க் கிடந்தது. எண்ணெய்க்கு எங்கை போறது? அக்காவின்ரை தாயார் பக்கத்திலதான் வீடு எண்டு இறங்கி ஓடிப்போய் தையல் மெசின் எண்ணெய்ப் போத்தலைக் கொண்டு வந்தா. அப்பா ஊசியால ஓட்டையைக் குத்தி எடுத்து நாலு சொட்டு விட்டார், எண்ணி நாலு. மெல்ல மெல்ல அந்தச் சத்தம் கரைஞ்சு போனதை நான் நிண்டு கேட்டனான்.

பிள்ளை விடியப்புறம் பிறந்தது. அவன் இப்ப நோர்வேயில இருக்கிறான். அப்பா இல்லை. அந்த ஸ்குறூ றைவர் என்னட்டைக் கிடக்கு.

மலைக்கோட்டை_மதி:
யாழ் அண்ணா எழுதுனத படிச்சுட்டு கொஞ்ச நேரம் எதுவும் டைப் பண்ண முடியல.

என்னோடது சின்ன விஷயம், ஆனா மனசுல நிக்குது. எங்க தெருவுல புதுசா ரோடு போட ஜல்லி கொட்டியிருந்தாங்க. அதுல போயிட்டு வந்த ரெண்டாவது நாள்லேர்ந்து டிரைவர் பக்கத்து முன் சக்கரத்துல காது கிழியற மாதிரி உலோகச் சத்தம். ஒரு நிமிஷம் வரும், அரை நாள் வராது. நான் கவனிச்ச வரைக்கும் இடது பக்கம் வளைக்கறப்ப அதிகம், ரிவர்ஸ் எடுத்தா டக்குன்னு நிக்கும். இதை அப்படியே எழுதி எடுத்துட்டுப் போய் ஒர்க்ஷாப்ல சொன்னேன். அந்த சூப்பர்வைசர் பேப்பரக் கூட பாக்கல, "மேடம், சாரை ஒரு தடவை ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க, உங்களுக்கு பழைய வண்டி பழக்கமிருக்காது"ன்னாரு. பதினோரு வருஷமா அந்த வண்டிய ஓட்டுறது நான்தான், எங்க வீட்டுக்காரருக்கு லைசென்ஸே கிடையாது.

வேற ஒரு சின்னப் பட்டறைக்குப் போனேன். அங்க இருந்த பையனுக்கு இருபது வயசு இருக்கும். "ரிவர்ஸ்ல நிக்குதாக்கா?"ன்னு ரெண்டு தடவ கேட்டான், ஜாக்கி போட்டு சக்கரத்தக் கழட்டுனான். டிஸ்க்குக்குப் பின்னாடி ஒரு மெல்லிசான தகர மறைப்பு இருக்கு, அதை ஸ்க்ரூ டிரைவரால லேசா வெளிப்பக்கம் நெம்புனான். டிங்னு ஒரு சத்தம். பட்டாணி சைஸ் ஜல்லி, ஒரு பக்கம் மட்டும் தேய்ஞ்சு கண்ணாடி மாதிரி பளபளன்னு தரையில உருண்டுச்சு. அம்பது ரூபா வாங்குனான், நான் நூறு குடுத்தேன். அந்தக் கல்லை இன்னும் பர்ஸ்லதான் வெச்சிருக்கேன்.

புதுப்பேட்டை_பெரியவர்:
நான் 1979ல இந்த வேலைக்கு வந்தவன், இப்ப ஓய்வு. என் கதையச் சொல்லிடறேன். அப்போ ஒரு அம்பாசடர் கல்யாண வண்டியா போறதுக்கு மொத நாள் வந்துச்சு, க்ரீச் சத்தம்னு. நானும் அவசரத்துல பெல்ட் லூஸ்னு சொல்லி நல்லா இறுக்கி அனுப்பிட்டேன். அந்த வண்டில ஃபேன் வாட்டர் பம்ப் மேலதான் உக்காந்திருக்கும். கத்துனது பம்ப் பேரிங். பெல்ட்ட இறுக்குனதுல பேரிங் சீக்கிரமா போய், ஃபேன் ஆட்டம் குடுத்து ரேடியேட்டரயே வெட்டிடுச்சு, திண்டிவனத்துக்கு முன்னாடி. பட்டுப்பொடவையோட அந்தப் பொண்ணு ரோட்டோரம் புளியமரத்தடில நின்னுச்சாம். அவங்கப்பா வந்து என்னைத் திட்டல. "கொஞ்சம் பொறுமையா பாத்திருக்கலாமே தம்பி"ன்னாரு. திட்டியிருக்கலாம்.

அதனால சொல்றேன், யாரும் கேக்கலன்னாலும் சொல்றேன். மொதல்ல சத்தம் இன்ஜின் சுத்தறதோட வருதா, சக்கரம் சுத்தறதோட வருதான்னு பிரிங்க. நிக்கற வண்டில ஆக்சிலேட்டர் குடுத்தா வருதா, அப்போ பெல்ட், ஆல்டர்நேட்டர், பம்ப், ஏசி பக்கம். ஓடறப்போ மட்டும் வருதுன்னா காலி ரோட்டுல நியூட்ரல் பண்ணிப் பாருங்க, அப்பவும் ஸ்பீடுக்குத் தகுந்த மாதிரி வந்தா சக்கரம், பிரேக் பக்கம். இன்ஜின ஆஃப் பண்ணிப் பாக்காதீங்க, பிரேக்க லேசாக்குற பூஸ்டர் வேல செய்யாது, பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாயிடும். பெல்ட்னு சந்தேகமா, இன்ஜின் ஓடறப்போ பாட்டில்ல ஓட்ட போட்டு பெல்ட்டோட உள்பக்கத்துல தண்ணி பீச்சுங்க. சத்தம் ஜாஸ்தியானா பெல்ட் லூஸ், வழுக்குது. கொஞ்ச நேரம் நின்னு மறுபடி வந்தா புல்லி நேர்கோட்டுல இல்லன்னு அர்த்தம், எத்தன பெல்ட் மாத்துனாலும் தீராது. தண்ணிக்கு அசையவே இல்லன்னா பேரிங்கப் பாருங்க. ஏசி போட்டா மாறுதா, ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா கத்துதா, ஹெட்லைட் போட்டா வருதா, ஒவ்வொண்ணா எழுதி வைங்க. மதிம்மா எழுதிக் குடுத்தாங்களே, என்கிட்ட அப்படி ஒரு பேப்பர் வந்திருந்தா நான் கும்புட்டு வாங்கியிருப்பேன்.

பெல்ட்ல சோப்பு தேய்க்கறது, தேங்காண்ணெ விடறது வேணாம். நிக்கும், ஆனா வழுக்கும், ரப்பர் ஊறிப்போகும். யாழ் தம்பியோட அப்பா பண்ணது சரியான வைத்தியம், ஆனா பழக்கமில்லாதவங்க ஓடற இன்ஜின்ல ஸ்க்ரூ டிரைவர் வைக்கறப்போ துண்டு, துப்பட்டா, தொங்கற சட்டை எதுவும் இருக்கக் கூடாது.

கரூர்_தறி:
பெரியவரே, சோப்பு விஷயத்துல மட்டும் ஒத்துக்க மாட்டனுங்க. எங்கய்யா இருபது வருஷம் லாரி ஓட்டுனவரு, பார் சோப்பு தேய்ச்சுத்தான் ஊட்டுக்கு வந்து சேந்திருக்காரு. நடு ரோட்டுல ராத்திரி வேற என்ன பண்றதுங்க?

புதுப்பேட்டை_பெரியவர்:
ஊடு வந்து சேர்றதுக்கு சரி. வந்து சேந்தப்புறம் அவரு பெல்ட்ட மாத்துனாரா இல்லையா, அதக் கேளுங்க.

கோவில்பட்டி_கேஎன்:
இங்க நடுவுல வர்றதுக்கு மன்னிச்சுக்கோங்க, என் வண்டில இன்னும் பிடிபடல. 1998 மாடல். நியூட்ரல்ல சும்மா நிக்கறப்ப கிர்ர்ர்கீச்னு ஒரு சத்தம், சிட்டுக்குருவி மாதிரி. கிளட்ச் மேல செருப்பு பட்டாலே நின்னுரும். முழுசா மிதிச்சாலும் இல்ல. தண்ணி பீச்சியாச்சு, மாத்தமில்ல. ஏசி ஆஃப்ல இருந்தாலும் வருது. பெரியவர் சொன்ன மாதிரி எழுதிட்டேன், போன்ல ரெக்கார்டும் பண்ணிட்டேன். மெக்கானிக் கியர்பாக்ஸ எறக்கணும், எட்டாயிரம் ஆகும்ங்கறாரு. எனக்கு அது இந்த மாசச் சம்பளத்துல பாதி.

புதுப்பேட்டை_பெரியவர்:
லேசா தொட்டாலே நிக்குதுன்னா பெரும்பாலும் பெடல மிதிச்சா கிளட்ச அமுக்குற ரிலீஸ் பேரிங், அது கிளட்ச் மேல பட்டும் படாம ஆடிட்டு நிக்குது. முழுசா மிதிக்கறப்போ கத்த ஆரம்பிச்சா அது தேய்ஞ்சு போச்சுன்னு அர்த்தம், உங்களுக்கு அது வரல. மொதல்ல கிளட்ச் கேபிள் அட்ஜஸ்ட்மென்ட்ட பாக்கச் சொல்லுங்க, அதுக்கு கியர்பாக்ஸ எறக்க வேண்டியதில்ல. கிளட்ச மெதுவா, பாதிக்கு மேல மிதிக்கறப்போதான் நிக்குதுன்னா கியர்பாக்ஸ் முன் பேரிங், அப்போ எறக்கித்தான் ஆகணும். செருப்பக் கழட்டிட்டு வெறுங்காலால மிதிச்சுப் பாருங்க, எந்த எடத்துல நிக்குதுன்னு கால்ல தெரியும்.

கோவில்பட்டி_கேஎன்:
இப்பத்தான் போய் வெறுங்காலோட உக்காந்து பாத்தேன். பெடல் அசையறதுக்கு முன்னாடியே நிக்குது. நாளைக்கு காலைல கேபிள் பாக்கச் சொல்லிட்டு இங்க வந்து எழுதறேன்.

கரூர்_தறி:
மேலூர் அண்ணா, நீங்க கேட்டது ராத்திரி பூரா மண்டைக்குள்ளயே ஓடுச்சுங்க. இன்னிக்கு முன் சக்கரம் ரெண்டையும் கழட்டச் சொன்னேன். வலது பக்கம் சரிசமமா இருக்குது. இடது உள்பக்க பேட் வெளிப்பக்கத்துல பாதிகூட இல்லீங்க. காலிப்பர் பின்ன ஆள் வெச்சு தட்டித்தான் எடுத்தாங்க. சத்தம் இன்னும் வர ஆரம்பிக்கவே இல்ல.