சிங்கோ தே மாயோ: மே 5 மெக்சிகோவின் விடுதலை நாள்தானா?

கேள்வி: பொன்னி

வணக்கம். நான் லாஸ் ஏஞ்சல்ஸில் பணிபுரிகிறேன். ஆண்டுதோறும் மே 5 அன்று எங்கள் அலுவலகத்தில் பச்சை, வெள்ளை, சிவப்பில் தோரணம் கட்டி, டாக்கோ வரவழைத்து, "மெக்சிகோவின் சுதந்திர தினம்" என்று கொண்டாடுகிறார்கள். ஆனால் மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் பிறந்து வளர்ந்த சக ஊழியர் ஒருவர், பள்ளிக்கு விடுமுறை விடுவார்கள் என்பதைத் தவிரத் தம் ஊரில் அந்நாளுக்கு வேறு சிறப்பே இல்லை என்கிறார். உண்மையில் இது எந்த நாள்? எல்லைக்கு இந்தப் பக்கம் மட்டும் ஏன் இத்தனை கொண்டாட்டம்?

மறுமொழி: கடலோடி

இது விடுதலை நாள் அன்று. விடுதலை நாள் செப்டம்பர் 16. 1810இல் தொலோரெஸ் என்னும் ஊரில் பாதிரியார் மிகேல் இதால்கோ மக்களைத் திரட்டி ஸ்பெயின் ஆட்சிக்கு எதிராகக் கிளம்பிய நாள். மே 5 நினைவுகூர்வதோ அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின் நடந்த ஒரு போரை.

உள்நாட்டுப் போரில் கருவூலம் வறண்டுபோனதால், அதிபர் பெனித்தோ ஹுவாரெஸ் 1861 ஜூலையில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைத்தார். பிரிட்டன், ஸ்பெயின், பிரான்ஸ் மூன்றும் கப்பற்படையை அனுப்பின. முதல் இரண்டும் பேசித் தீர்த்துக்கொண்டு திரும்பிவிட, பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் படை மட்டும் நாட்டையே கைப்பற்றும் நோக்கத்துடன் தலைநகரை நோக்கி நகர்ந்தது. வழியில் இருந்தது புவெப்லா நகரம். 1862 மே 5 அன்று லொரேத்தோ, குவாதலூப்பே கோட்டைகள் நிற்கும் குன்றின்மீது பிரெஞ்சுக்காரர்கள் மீண்டும் மீண்டும் ஏற, எண்ணிக்கையிலும் ஆயுதத்திலும் குறைந்த, மெக்சிகோத் தளபதி இக்னாசியோ சரகோசாவின் படை ஒவ்வொரு முறையும் அவர்களைக் கீழே தள்ளியது. பிற்பகலில் மழை கொட்டிச் சரிவெல்லாம் சேறாகிவிடவே அவர்கள் பின்வாங்கினார்கள். "தேசத்தின் ஆயுதங்கள் புகழைப் போர்த்திக்கொண்டன" என்று சரகோசா தலைநகருக்குத் தந்தி அனுப்பினார். நான்கே மாதங்களில், 33 வயதில், காய்ச்சலில் இறந்தும் போனார். அடுத்த ஆண்டு பிரெஞ்சுப் படை திரும்பி வந்து புவெப்லாவைப் பிடித்தது; 1867இல்தான் நாடு மீண்டது. மெக்சிகோ முழுவதும் இதைப் பெருவிழாவாக எடுக்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

மறுமொழி: தமிழ்மாறன்

கடலோடி ஐயா சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பீர் நிறுவனங்கள் கட்டிவிட்ட விழா என்று இதைப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள், அது நியாயமன்று. 1980களில் அந்நிறுவனங்களின் விளம்பரம்தான் இதை அமெரிக்கா எங்கும் மதுக்கடைகளுக்குக் கொண்டுபோனது, உண்மை. ஆனால் விழா அதற்கு நூறாண்டு மூத்தது. வெற்றிச் செய்தி கலிஃபோர்னியாவின் கொலம்பியா என்னும் சுரங்க ஊரை எட்டியபோது, அங்கிருந்த மெக்சிகோத் தொழிலாளர்கள் துப்பாக்கிகளை வானை நோக்கிச் சுட்டு, பாட்டுப் பாடி, நின்ற இடத்திலேயே மேடைப்பேச்சு நிகழ்த்தினார்கள். அக்காலத்து ஸ்பானிய மொழிச் செய்தித்தாள்களைப் புரட்டி இதையெல்லாம் வெளிக்கொணர்ந்தவர் டேவிட் ஹேயஸ்-பவுட்டிஸ்டா என்னும் ஆய்வாளர்.

அப்போது அமெரிக்காவில் அடிமைமுறையை ஒட்டி உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. தெற்கில் அடிமை உடைமையாளர்கள், மெக்சிகோவில் பேரரசன் ஒருவனின் படை என இருபுறமும் நெருக்கப்பட்ட அம்மக்களுக்குப் புவெப்லா தங்கள் சொந்தப் போரில் கிடைத்த வெற்றியாகவே தோன்றியது. 1960களில் அமெரிக்காவாழ் மெக்சிகோ வம்சாவளியினரின் உரிமை இயக்கமான சிக்கானோ இயக்கத்தின் இளைஞர்கள் தங்கள் உரிமைப் போராட்டத்துக்கு இந்நாளை மீண்டும் கையிலெடுத்ததும் இந்த உணர்வில்தான். ஆகவே பொன்னி அவர்களே, உங்கள் ஊரில் நடப்பது இரவல் விழா அன்று. பிறந்த மண்ணிலேயே நடக்கும் விழா.

மறுமொழி: மலர்விழி

மெக்சிகோவில் யாருமே கொண்டாடுவதில்லை என்றும் எண்ணிவிட வேண்டாம். புவெப்லாவில் பெரிய அணிவகுப்பு உண்டு. அந்நகரின் முழுப்பெயரே "சரகோசாவின் புவெப்லா" என்று பொருள்படும். மெக்சிகோ நகர விமான நிலையத்தை ஒட்டிய பெஞோன் தே லோஸ் பாஞோஸ் பகுதியில் மக்களே போரை நடித்துக் காட்டுகிறார்கள். அன்று போரிட்ட சக்கபோவாஸ்த்லா மலைநாட்டுப் பழங்குடியினராக வேடமிடுவோர் முகத்தில் கரி பூசிக்கொண்டு, வெடிமருந்து கெட்டித்த நீள் துப்பாக்கிகளுடன் தெருவில் இறங்குகிறார்கள். எதிரே பிரெஞ்சு வீரர்களாக நிற்பவர்களும் அதே தெருக்காரர்கள்தாம்.