குட்டி செத்ததைப் பொண்ணுகிட்ட மறைச்சுட்டோம், இப்ப எப்படிச் சொல்றது? (காவேரிப்பட்டணம்)

தோப்புவீடு:
வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்புக்குள்ள வீடு. நாலு மாசக் குட்டி, பேர் டைகர். வாந்தி, ரத்தப்பேதின்னு தூக்கிட்டுப் போனோம். பார்வோன்னு (குட்டி நாய்ங்களுக்கு வர்ற வைரஸ் நோய்) டிரிப்ஸ் ஏத்தினாங்க, ரெண்டாம் நாள் ராத்திரி போயிடுச்சு. விடியறதுக்குள்ள தோப்புலயே புதைச்சாச்சு. பொண்ணுக்கு ஏழு வயசு. எழுந்ததும் டைகர் எங்கன்னு கேட்டா. "தேன்கனிக்கோட்டை மாமா தோட்டத்துக்கு அனுப்பிட்டோம்"னு அவ ஆயா (பாட்டி) சொல்லிட்டாங்க. இப்ப ஞாயித்துக்கிழமை அங்க கூட்டிட்டுப் போன்னு பிடிவாதம், சாப்பாடும் சரியா இறங்கல.

உண்மையை எப்படிச் சொல்றது? வீட்டுக்காரர் அதே நிறத்துல வேற குட்டி வாங்கி விட்டுட்டா மறந்துடுவாங்கறார். அது சரியா? இன்னொன்னு, பெரிய நாய் வெள்ளச்சியும் (ஆறு வயசு) நேத்துல இருந்து களியைத் தொடல. அதுவும் ஏங்குதா?

மனநலம்_தருமபுரி:
ஞாயிறு வர்றதுக்குள்ள சொல்லிடுங்க. புதைச்சது நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்கும். ஸ்கூல் வேன்ல வேற பிள்ளை வாயால கேட்டா, டைகர் போன துக்கத்தோட "வீட்டுல பொய் சொல்றாங்க"ங்கிற பயமும் சேர்ந்துக்கும். அப்புறம் ஆயாவுக்குக் காய்ச்சல்னு படுத்தாக்கூட உங்க பேச்சை நம்ப மாட்டா.

லீவு நாள் காலையில, சாப்பிட்ட பிறகு உக்கார வெச்சுப் பேசுங்க. படுக்கப் போற நேரம் வேண்டவே வேண்டாம். ஆயாவும் பக்கத்துல இருக்கணும். நீளமா பேசாதீங்க, இந்த அளவு போதும்:

"டைகருக்கு வயித்துல பெரிய நோவு வந்துச்சு. டாக்டர் மருந்து குடுத்தாரு. நோவு ரொம்ப அதிகமா இருந்ததால மருந்து கேக்கல. டைகர் செத்துப்போச்சு. மாமா தோட்டத்துக்குப் போகல. நீ அழுவேன்னு நாங்க மாத்திச் சொல்லிட்டோம், அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

இதோட நிறுத்திட்டு அவ பேசட்டும்னு இருங்க. நிறைய பேர் இந்த இடத்துலதான் பதறிப்போய் பொம்மை, ஐஸ்கிரீம்னு ஆரம்பிச்சுடுவாங்க. அழுதா அழட்டும், மடியில வெச்சுக்கிட்டா போதும்.

"தூங்குது"ன்னு சொன்னா ராத்திரி தூங்கவே பயப்படுவா. "ஊசி போட்டாங்க, செத்துடுச்சு"ன்னு அரைகுறையா சொன்னா அடுத்த தடவை இவளுக்கு ஊசி போடறப்ப ரகளைதான். நோவுதான் காரணம், மருந்து காரணமில்லைன்னு பிரிச்சுச் சொல்லணும். சாமிகிட்ட போயிருக்குன்னு சொல்றது உங்க வீட்டு நம்பிக்கைன்னா சொல்லுங்க, ஆனா செத்துப்போச்சுன்னு சொன்னதுக்கு அப்புறம். முதல்லயே அதைச் சொன்னா சாமி எப்பத் திருப்பி அனுப்பும்னு காத்துக்கிட்டிருப்பா.

சாவுன்னா திரும்பி வராதது, உடம்பு மொத்தமா நின்னுபோறது, எல்லாருக்கும் வர்றதுங்கிறது பெரும்பாலான பிள்ளைங்களுக்கு அஞ்சுல இருந்து ஏழு வயசுக்குள்ளதான் பிடிபடும். அதனால மழை பேஞ்சா டைகர் நனையுமா, பசிக்குமான்னு கேப்பா. "செத்துட்டா பசிக்காது, வலிக்காது, குளிராது"ன்னு நேராச் சொல்லுங்க. அதையே நாலு நாளைக்கு மாத்தி மாத்திக் கேட்டாலும் அதே வார்த்தையில அதே பதில். பதில் மாறினாத்தான் குழப்பம். "ஆயாவும் செத்துடுவாங்களா"ங்கிற கேள்வி கட்டாயம் வரும். "எல்லாரும் ஒரு நாள் சாவாங்க. ஆயா இப்ப நல்லா இருக்காங்க"ன்னு சொன்னா போதும்.

ரெண்டு மூணு நாள் கழிச்சு, "டைகர் எதனால செத்துச்சுன்னு நீ நினைக்கிற?"ன்னு நீங்களே கேளுங்க. நான் பிஸ்கட் குடுத்ததால, நான் திட்டினதாலன்னு இந்த வயசுப் பிள்ளைங்க மனசுக்குள்ள பழியைத் தூக்கி வெச்சுக்கும், கேக்காம வெளிய வராது. அப்படி ஏதாவது சொன்னா, அவ சொன்ன காரணத்தையே சொல்லி, அதனால இல்லைன்னு மறுத்துடுங்க.

அழுத பத்தாவது நிமிஷம் பாண்டி ஆடப் போவா. அதைப் பார்த்து "மறந்துட்டா"ன்னும் நினைக்க வேண்டாம், "நெஞ்சுல ஈரமில்ல"ன்னும் நினைக்க வேண்டாம், பிள்ளைங்க துக்கம் விட்டு விட்டுத்தான் வரும். வாட்ஸ்அப்புல சுத்துற அந்த "துக்கத்தின் ஐந்து நிலை"யை (மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏத்துக்கறது) வெச்சு அவளை அளக்காதீங்க. எலிசபெத் கியூப்ளர்-ராஸ்ங்கிற மனநல டாக்டர் 1969-ல அதைச் சொன்னது சாகக் கிடக்கிற நோயாளிகளோட பேசினதை வெச்சு.

டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க. கொஞ்ச நாள் வயித்து வலி, படுக்கையில ஒண்ணுக்குப் போறது, ஆயா பின்னாடியே ஒட்டிக்கிட்டுத் திரியறது எல்லாம் இருக்கும். ரெண்டு வாரம் தாண்டியும் சாப்பாடு தூக்கம் திரும்பல, பள்ளிக்கூடமே போக மாட்டேங்கிறான்னா காட்டுங்க. "நானும் டைகர்கிட்ட போறேன்"னு சொன்னா அதட்டாம, "போய் என்ன பண்ணணும்?"னு கேளுங்க. பெரும்பாலும் பார்க்கணும்னுதான் இருக்கும். திரும்பத் திரும்பச் சொன்னா ரெண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். 14416 (டெலி மானஸ், அரசு மனநல உதவி எண்) இலவசம், எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். நேர்ல காட்ட கிருஷ்ணகிரி, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல மனநலப் பிரிவு இருக்கு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில குழந்தைகளுக்குன்னே தனிப் பிரிவு உண்டு, ஆனா முதல் படிக்கே அவ்வளவு தூரம் ஓட வேண்டியதில்ல.

கால்நடை_ஓய்வு:
முதல்ல வெள்ளச்சியைப் பாருங்கம்மா. கூட இருந்த நாய் செத்தா மத்த நாய் ஒரு நாள் ரெண்டு நாள் தீனி குறைக்கிறது, அது படுத்த இடத்தை மோந்துக்கிட்டே இருக்கிறது உண்டுதான். ஆனா ஏக்கம்னு முடிவு கட்டறது கடைசியா. வாந்தி, பேதி, காய்ச்சல் இருக்கா? ஈறு வெளுத்திருக்கா? காது மடல்லயும் விரல் இடுக்குலயும் உண்ணி இருக்கா? இதுல ஒண்ணு இருந்தாலும் இன்னைக்கே டாக்டர்கிட்ட கொண்டு போங்க. நம்ம பக்கம் உண்ணிக் காய்ச்சலும் இப்படித்தான், சாப்பாட்டை விடறதுல ஆரம்பிக்கும். ஒண்ணுமில்லைன்னா களியை வெதுவெதுப்பா, கொஞ்சம் கறிச்சாறோ மோரோ விட்டு, வழக்கமான நேரத்துக்கு வைங்க. கால் மணி நேரத்துல எடுத்துடுங்க. தண்ணி குடிக்கணும், அது முக்கியம். ரெண்டு நாள் முழுப் பட்டினின்னா காரணம் தெரியாட்டியும் காட்டணும்.

புதுக்குட்டி இப்பக் கூடவே கூடாது. மனசுக்காக மட்டும் சொல்லல. பார்வோ கிருமி மண்ணுல மாசக்கணக்கா உயிரோட இருக்கும். வெயில் படற இடத்துலயே அஞ்சு மாசம்னு கணக்கு வைங்க, மாமர நிழல்ல இன்னும் அதிகம். இப்ப விட்டா அந்தக் குட்டியும் போகும், பொண்ணுக்கு ரெண்டாவது சாவு.

பினாயில், டெட்டால் ரெண்டும் இந்தக் கிருமியை ஒண்ணும் பண்ணாது. பிளீச்சிங் பவுடர்தான். முதல்ல சோப்புத் தண்ணி விட்டுத் தேய்ச்சுக் கழுவுங்க, அழுக்கு இருந்தா குளோரின் அதுலயே தீர்ந்துபோகும். பிறகு 10 லிட்டர் பக்கெட்டுக்கு 60 கிராம் பவுடர் கலக்கி, தெளிஞ்ச தண்ணியை சிமெண்டுத் தரை, தட்டு, சங்கிலி எல்லாத்துலயும் ஊத்தி பத்து நிமிஷம் ஈரமாவே விடணும். பிரிச்சு வெச்சு நாளான பவுடர்ல வீரியம் இருக்காது, புதுப் பாக்கெட் வாங்குங்க. ஆசிட், பாத்ரூம் கிளீனர் கூடச் சேர்க்காதீங்க, விஷவாயு வரும். சாணி மெழுகின தரையிலயும் தோப்பு மண்ணுலயும் இது பலிக்காது, அங்க காத்திருக்கிறதுதான் வழி.

நாய் இல்லாம முடியாதுன்னா, தடுப்பூசி முழுசா போட்ட, ஒரு வயசு தாண்டின நாயை எடுத்து வளர்க்கலாம்.

டைகருக்குத் தடுப்பூசி போட்டிருந்தீங்கன்னா, "ஊசி போட்டும் செத்துடுச்சே"ன்னு உங்களுக்குள்ள ஓடிக்கிட்டிருக்கலாம். தாய்ப்பால்ல வந்த எதிர்ப்புச் சக்தி குட்டி உடம்புல இருக்கிற வரைக்கும் தடுப்பூசியை வேலை செய்ய விடாது. அது எப்பக் குறையும்னு குட்டிக்குக் குட்டி மாறும். அதனாலதான் 6-8 வாரத்துல ஆரம்பிச்சு, 3-4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் வரைக்கும் விடாம போடச் சொல்றது. ஒரே ஒரு ஊசியோட நின்ன குட்டி மாட்டிக்கிறது இதனாலதான்.

போச்சம்பள்ளியான்:
மேல சொன்னதோட கொஞ்சம் சேர்க்கிறேன். விடியறதுக்குள்ள புதைச்சோம்னா குழி ஆழம் வந்திருக்காது, நம்ம ஊர்ப் பாறை மண்ணுல கடப்பாரையில கூட மூணடி சீக்கிரம் இறங்காது. மேல மண்ணைக் குவிச்சு, பெரிய கல்லாப் பரப்பி, முள்ளு வெட்டிப் போட்டுடுங்க. நரியோ தெருநாயோ தோண்டி, அதைப் பொண்ணு பார்த்துட்டா நீங்க பேசினதெல்லாம் வீண்.

ஆயா மேல பழி போடாதீங்க. "ஆயாதான் பொய் சொன்னாங்க"ன்னு சொன்னீங்கன்னா பாப்பாவுக்கு இருக்கிற ஒரு மடியும் போச்சு. "நாங்க சொன்னோம்"னே சொல்லுங்க. பின்னால எப்ப நாய் வந்தாலும் அதுக்கு டைகர்னு பேர் வைக்க வேண்டாம்.

தோப்புவீடு:
ரொம்ப நன்றிங்க. இன்னைக்குக் காலையில சொல்லிட்டோம். அழுதா, அப்புறம் தோண்டிக் காட்டுன்னு கேக்கறா. டைகர் கழுத்துப் பட்டையைத் தலகாணிக்கடியில வெச்சுக்கணுமாம். தரலாமா?

மனநலம்_தருமபுரி:
தோண்ட முடியாது, உடம்பு மண்ணோட கலந்துக்கிட்டிருக்குன்னு சொல்லுங்க. இடத்தைக் காட்டலாம், அவளே பூ வைக்கட்டும். வர மாட்டேன்னா இழுக்க வேண்டாம். பட்டை குடுக்கறது நல்லதுதான், கிருமி விஷயத்தைக் கால்நடை அய்யா சொல்லட்டும்.

கால்நடை_ஓய்வு:
பார்வோ மனுஷங்களுக்கு வராது, பயப்படாதீங்க. நைலான் பட்டைன்னா சோப்புல கழுவி, அதே பிளீச்சிங் தண்ணியில பத்து நிமிஷம் ஊற வெச்சு, அலசிக் காயவெச்சுக் குடுங்க. சாயம் வெளுக்கும், அதை முன்னாடியே பாப்பாகிட்ட சொல்லிடுங்க. தோல் பட்டைன்னா பிளீச்சிங் தாங்காது. ஜிப் கவர்ல போட்டு மூடி, கவரோட குடுங்க. இன்னொரு வீட்டுக் குட்டி இருக்கிற இடத்துக்கு மட்டும் எடுத்துட்டுப் போகக் கூடாது.