கனடாவில் வீட்டில் கஞ்சா வளர்க்க நினைக்கும் புதியவர்களுக்கு: ரகம் பார்க்கும் முன் பி.ஆர். (நிரந்தர வதிவிட) கார்டைப் பாருங்கள்

"அண்ணா, இங்கே வீட்டிலேயே கஞ்சா வளர்க்கலாமாமே? நல்ல அபூர்வமான ரகம் எது, விதை எங்கே வாங்குறது?" டொரண்டோ பக்கம் புதிதாக வந்து இறங்கிய தம்பிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரே இடத்தில் சொல்லிவிடுகிறேன். ஒன்ராறியோவை வைத்துத்தான் எழுதுகிறேன், மற்ற இடங்களைப் பற்றிக் கடைசியில்.

வளர்க்கலாம். 2018 அக்டோபர் 17 முதல் சட்டப்படி அனுமதி உண்டு. ஒன்ராறியோவில் 19 வயது ஆகியிருக்க வேண்டும். வீட்டுக்கு நான்கு செடி. ஆளுக்கு நான்கு கிடையாது. ஐந்து பேர் அறை பகிர்ந்து இருக்கும் வீட்டிலும் மொத்தம் நான்குதான். "நாங்க அஞ்சு பேர், இருபது செடி" என்று கணக்குப் போடுகிறவர்கள் இங்கேயே நின்றுவிடுங்கள்.

ரகம், விதை, விளக்கு பற்றிப் பேச நிறைய பேர் இருக்கிறார்கள். அந்த நான்கைத் தாண்டினால் நம்மைப் போன்றவர்களுக்கு என்ன ஆகும் என்பதை யாரும் சொல்வதில்லை. இங்கே பிறந்தவன் ஐந்தாவது செடி வைத்தால் அபராதம், மிஞ்சினால் ஒரு வழக்கு. நமக்கு அதோடு முடியாது. அனுமதித்த அளவுக்கு மேல் வளர்ப்பது, விற்பது, நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது ஆகிய மூன்றுக்கும் சட்டத்தில் உச்ச தண்டனை 14 ஆண்டு. உச்ச தண்டனை 10 ஆண்டோ அதற்கு மேலோ உள்ள குற்றத்தில் தண்டிக்கப்பட்டால், குடிவரவுச் சட்டம் அதைக் கடுங்குற்றமாக எடுத்துக்கொள்ளும். நீதிபதி உண்மையில் சிறு அபராதத்தோடு விட்டிருந்தாலும் சரி, பார்ப்பது அந்த உச்ச அளவைத்தான். பி.ஆர். வைத்திருப்பவரையும் நாடு கடத்த அது போதும். படிப்பு அனுமதி, வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு வாசல் இன்னும் குறுகல். ஒன்றிரண்டு செடி கூடினால் போலீஸ் டிக்கெட்டோடு விடுவதும் உண்டுதான், ஆனால் அந்தத் தயவை நம்பித் தொட்டி வாங்காதீர்கள். வழக்கு ஏதாவது வந்துவிட்டால், "ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று யார் சொன்னாலும் தலையாட்டாமல், முதலில் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.

விற்பது என்றால் தெருவில் நின்று விற்பது மட்டும் இல்லை. அறுவடையில் கொஞ்சம் நண்பனுக்குக் கொடுத்து, "கரண்ட் பில்லுக்கு இருபது டாலர் போடு மச்சான்" என்றாலும் அது விற்பனைதான். பெரியவர்களுக்குள் காசு வாங்காமல் 30 கிராம் வரை கொடுக்கலாம். 18 வயதுக்குக் கீழே யாருக்காவது கொடுத்தால் அதுவும் 14 ஆண்டுக் கணக்கில் போய்ச் சேரும்.

அடுத்தது வீட்டுக்காரர். ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் பேஸ்மென்ட்களில் நம்மில் பலர் நம்மவரிடமே வாடகைக்கு இருக்கிறோம். "அண்ணன் ஒன்றும் சொல்லமாட்டார்" என்ற நினைப்பு வேண்டாம். ஒப்பந்தத்தில் வளர்க்கக் கூடாது என்று இருந்தால் கூடாதுதான். அடுக்குமாடிக் காண்டோ என்றால் அதன் சங்கத்தின் விதியையும் படியுங்கள். அவர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது: ஜன்னல் சரியாக இல்லாத பேஸ்மென்டில் நான்கு செடி மூச்சுவிட்டாலே ஈரப்பதம் ஏறிச் சுவரில் பூஞ்சை பிடிக்கும். வாயால் சொன்ன சம்மதம் பின்னால் ஞாபகத்தில் இருக்காது, குறுஞ்செய்தியிலாவது வாங்கி வையுங்கள்.

சரி, இப்போது ரகத்துக்கு வருவோம்.

பிங்க் குஷ், ஜெலாட்டோ, வெட்டிங் கேக், நார்தர்ன் லைட்ஸ், டர்பன் பாய்சன் என்று பெயர்கள் மயக்கத்தான் செய்யும். "அபூர்வம்", "பிரீமியம்" என்று போட்டு விலையை ஏற்றுவார்கள். இந்தப் பெயர்களுக்குப் பின்னால் கட்டாயப்படுத்தும் தரக்கட்டுப்பாடு எதுவும் இல்லை. ஒரே பெயரில் இரண்டு நிறுவனங்கள் விற்கும் விதை இரண்டு விதமாக வளரும். நோவா ஸ்கோஷியாவின் டல்ஹௌசி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், சடைவா, இண்டிகா என்று ஒட்டும் முத்திரைகூடச் செடியின் மொத்த மரபோடு பெரிதாகப் பொருந்தவில்லை என்று கண்டார்கள். வாசனை தரும் சில டெர்பீன்களோடு மட்டும் ஓரளவு பொருந்தியது. ஆக நீங்கள் கூடுதல் காசு கொடுப்பது பெரும்பாலும் பெயருக்கும் வாசனைக்கும்.

அப்புறம், விதை என்பது கொட்டை போட்டு முளைக்கவைக்கும் மா மாதிரி. தாய் மரம் மல்கோவாவாக இருந்தாலும் கொட்டையில் முளைத்தது என்ன காய் காய்க்கும் என்று சொல்ல முடியாது. அச்சு அசலாக அதே செடி வேண்டுமென்றால் தாய்ச்செடியிலிருந்து தண்டை வெட்டி வேர்விட வைக்க வேண்டும். பெயர் பெற்ற பல ரகங்கள் உண்மையில் அப்படிக் கைமாறி வந்த தண்டுகள்தான். அதே பெயரில் விதைப் பொட்டலம் வாங்குகிறவருக்குக் கிடைப்பது அதன் தூரத்துச் சொந்தம்.

ஊர்ப்பாசக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கேரளத்தின் இடுக்கி கோல்ட் கஞ்சா விதையை ஊரிலிருந்து வரவழைத்து வளர்த்தால் என்ன என்று ஒரு ஆசை சிலருக்கு. அனுமதிப் பத்திரம் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து விதையைத் தபாலில் எடுப்பது குற்றம். ஆம்ஸ்டர்டாம், ஸ்பெயின் இணையக் கடைகளுக்கும் இதேதான். குற்றத்தை விடுங்கள், இங்கே அது வெளியில் தேறவே தேறாது. இடுக்கியில் வருடம் முழுக்கப் பகலும் இரவும் ஏறக்குறைய சமம். அந்த மண்ணின் செடி பூத்து முற்ற மூன்று மாதம், அதற்கு மேலும் எடுக்கும். டொரண்டோவில் ஜூனில் பகல் பதினைந்து மணி நேரத்துக்கு மேல். செப்டம்பரில் இரவு நீண்ட பிறகுதான் அதற்குப் பூக்கவே தோன்றும். அக்டோபரில் உறைபனி வந்துவிடும். ஆள் உயரத்துக்கு நிற்கும் பச்சைச் செடியைப் பார்த்துக் கையைப் பிசைய வேண்டியதுதான்.

அதனால் புதியவர்களுக்கு என் சிபாரிசு: பெண்விதை என்று குறித்த, தானே பூக்கும் ஆட்டோஃபிளவர் வகை. கஞ்சாவில் ஆண் செடி, பெண் செடி தனித்தனி. ஆண் ஒன்று கலந்துவிட்டால் மற்றதெல்லாம் விதை கட்டிவிடும், நான்கே செடி வைத்திருப்பவருக்கு அது கட்டுப்படியாகாது. ஆட்டோஃபிளவர் பகல் நீளத்துக்குக் காத்திருக்காது, விதையிலிருந்து அறுவடைக்குச் சுமார் பத்து, பதினொரு வாரம். நம்மவர்கள் கொல்லையில் கத்தரியும் மிளகாயும் நடுவதற்கு மே மாத விக்டோரியா தின விடுமுறை முடியும்வரை காத்திருப்பார்கள் அல்லவா, அதே கணக்கு இதற்கும். ஜூன் தொடக்கத்தில் வெளியே வைத்தால் ஆகஸ்டில் வெட்டிவிடலாம். செப்டம்பர் மழையில் கொழுத்த பூக்களுக்குள் சாம்பல் பூஞ்சை பிடிக்கும். வெளியே மினுமினுப்பாக இருக்கும், பிரித்துப் பார்த்தால் உள்ளே பழுப்பாகப் பொடிப்பொடியாக இருக்கும். அதை வெட்டிக் குப்பையில்தான் போட வேண்டும், காயவைத்துப் புகைக்கலாம் என்று பார்க்காதீர்கள். பூ விட்ட பிறகு எந்த மருந்தும் அடிக்காதீர்கள்.

விதையை மாகாண அரசின் இணையக் கடையான ஒன்ராறியோ கன்னாபிஸ் ஸ்டோரிலோ உரிமம் பெற்ற கடையிலோ வாங்குங்கள். ரகம் குறைவு, விலை கொஞ்சம் அதிகம்தான். ரசீது கையில் இருக்கும் என்பது நம் நிலைமையில் பெரிய விஷயம்.

நாற்றம் பற்றிச் சொல்லவே வேண்டாம். பூக்கத் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் தெரிந்துவிடும். உள்ளே வளர்த்தால் கூடாரத்தோடு கரி வடிகட்டி வைத்த விசிறி இல்லாமல் தொடங்காதீர்கள். வெட்டியதும் இருட்டான, குளிர்ந்த அறையில் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பத்து நாள் வரை காயவிடுங்கள். அவசரப்பட்டு ஓவனில் வைத்தால் வாசனை போய் வைக்கோல் மணம்தான் மிஞ்சும். காய்ந்ததைப் பூட்டு உள்ள பெட்டியில் வையுங்கள். கடையில் வாங்கும் தின்பண்டப் பொதி ஒன்றில் போதை தரும் டி.எச்.சி. 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு உண்டு. வீட்டில் செய்த பிரவுனிக்கு அந்த வரம்பு எதுவும் தெரியாது, குழந்தைக்கும் அது வெறும் கேக்காகத்தான் தெரியும். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்திருந்தால் இந்தப் பக்கமே வராதீர்கள்.

வீட்டுக்குள் உங்கள் அறுவடையை வைத்திருக்கலாம். வெளியே எடுத்துப் போவது 30 கிராம் வரைதான். காரில் மூடிக் கட்டிய பையிலோ கை எட்டாத இடத்திலோ இருக்க வேண்டும். புதிதாக வந்தவர்கள் அநேகமாக ஜி1, ஜி2 உரிமத்தில்தான் ஓட்டுவீர்கள். அந்த உரிமத்தில் இருப்பவர்களுக்கும் லாரி ஓட்டுகிறவர்களுக்கும் உடம்பில் கஞ்சா கொஞ்சமும் இருக்கக் கூடாது என்பது ஒன்ராறியோ சட்டம். போதையில் ஓட்டிய குற்றத்துக்கு 2018 டிசம்பர் 18 முதல் உச்ச தண்டனை 10 ஆண்டு. மேலே சொன்ன பி.ஆர். கணக்கில் இதுவும் அடங்கும், சாராயத்துக்கும் சேர்த்து.

எல்லை தாண்டும்போது ஒரு துணுக்குக்கூட வேண்டாம். நியூ ஜெர்சியில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போகும்போது, அங்கேயும் மாநிலத்தில் அனுமதி இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், எல்லையில் செல்லுவது அமெரிக்கக் கூட்டரசின் சட்டம், அதில் தடை நீடிக்கிறது. அதிகாரி கேட்டு, முன்பு புகைத்ததாகச் சொன்னாலே திருப்பி அனுப்ப முடியும். சென்னை, கொழும்பு பெட்டிகளைக் கட்டும் முன் ஜாக்கெட் பைகளைத் துழாவிப் பாருங்கள். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இங்கே புகைத்துவிட்டுப் போனாலும் அங்கே குற்றம். 2023 ஏப்ரலில் ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கஞ்சா தொடர்பான வழக்கில் ஒரு தமிழரைத் தூக்கிலிட்ட நாடு அது.

மற்ற இடங்கள்: கியூபெக்கில் வீட்டு வளர்ப்பே கூடாது, 2023-இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தடையை உறுதிசெய்தது, வயதும் 21. மனிடோபா 2025 மே மாதம்தான் அனுமதித்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் தெருவில் இருந்து பார்த்தால் செடி தெரியக் கூடாது. ஜெர்மனியில் இருந்து கேட்ட தம்பிக்கு: 2024 ஏப்ரல் 1 முதல் ஆளுக்கு மூன்று செடி, ஆனால் நீங்கள் அங்கே குடியிருந்து ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். லண்டன் தம்பி, உங்களுக்கு ஒரு செடியும் கிடையாது.