ரெசொனேட்டர் கிட்டாருக்கு எந்த பிக்கப்: காந்தமா, பீசோவா?

தங்கச்சிமடம்_கிட்டார்:
மாமா மலேசியாவிலிருந்து கொண்டுவந்து தந்த ரெசொனேட்டர் கிட்டார் 2 ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. பித்தளை உடல், உள்ளே ஒலியைப் பெருக்கும் ஒற்றை உலோகக் கூம்பு, கூம்பின் உச்சியில் பிஸ்கட் என்னும் மரவில்லை. கோயிலுக்குள் பாடகர் குழுவோடு வாசிக்க மைக்கே வேண்டியதில்லை. ஆனால் ஜூனில் திருவிழா. மேடை கடலைப் பார்த்துத் திறந்த வெளியில் நிற்கும், சோழகக் காற்று விடாமல் அடிக்கும். சென்ற ஆண்டு மைக் வைத்து வாசித்தேன். பாதி நேரம் காற்றின் இரைச்சல், மீதி நேரம் ஊளை. இந்த முறை பிக்கப், அதாவது கிட்டாரின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் கருவி, போட வேண்டும். உடலில் துளை போட மனம் வரவில்லை. எதை வாங்கலாம்?

பாம்பன்_ஒலிபெருக்கி:
தம்பி, காந்த பிக்கப் வாங்குங்கள். விரற்பலகை முடியும் இடத்துக்கும் கூம்பை மூடிய தட்டுக்கும் நடுவே ஒட்டிவிடக்கூடிய மெல்லிய வகை கிடைக்கிறது, துளை வேண்டாம். அது கம்பியின் அசைவை மட்டுமே பிடிக்கும், காற்று அதற்குத் தெரியாது. பீசோ என்பது தான் தொட்டிருக்கும் பொருளின் அதிர்வைப் பிடிக்கும் வில்லை. அதைப் பிஸ்கட்டுக்குக் கீழே வைத்தால் நிலைமை வேறு. கூம்பு மெல்லிய அலுமினியம். ஒலிபெருக்கி பாக்ஸிலிருந்து வரும் சத்தம் அதில் மோதும், அது அதிரும், அந்த அதிர்வு மறுபடியும் பாக்ஸுக்குப் போகும். சென்ற ஆண்டு நீங்கள் கேட்ட அதே ஊளை வரும். காற்று கூடினால் பாலத்தில் ரயிலையே நிறுத்துகிற ஊர்க்காரன் சொல்கிறேன், மைக்கை மறந்துவிடுங்கள்.

தொண்டி_கோட்டுவாத்தியம்:
காற்றைப் பற்றி அண்ணன் சொன்னது சரி. மற்றதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தக் கருவியில் ஒலி பிறக்கும் இடமே கூம்புதான். கம்பியை மட்டும் கேட்கிற பிக்கப்பைப் போட்டால் சாதாரண எலக்ட்ரிக் கிட்டாரின் குரல்தான் ஊருக்குக் கேட்கும். நான் கோட்டுவாத்தியம் கற்றவன். காந்தம் வைத்த வீணைக் கச்சேரிகளைக் கேட்டிருக்கிறேன். கமகம் துல்லியமாக வந்து விழும், குடத்தின் நாதம் மட்டும் வராது. கேட்டுவிட்டு வீடு திரும்பும்போது பாதிப் பசியோடு எழுந்த மாதிரி இருக்கும். தம்பி, பிஸ்கட்டில் பொருத்தும் பீசோவை வாங்குங்கள். ஒயரை ஒலித்துளை வழியாக வெளியே எடுத்தால் உடலைத் தொடவே வேண்டாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கூம்பைப் பிடித்து வைத்திருப்பது கம்பிகளின் அழுத்தம்தான், தளர்த்தியதும் அது சும்மா உட்கார்ந்திருக்கும். விரலால் அழுத்தினால் நசுங்கிவிடும்.

பாம்பன்_ஒலிபெருக்கி:
கருவியின் வரலாற்றையும் பார்க்க வேண்டும். 1927இல் ஜான் டோபியேராவும் ஜார்ஜ் பீச்சமும் அமெரிக்காவில் நேஷனல் நிறுவனத்தைத் தொடங்கி இதை விற்றபோது நோக்கம் ஒன்றே: இசைக்குழுவின் மற்ற வாத்தியங்களுக்கு நடுவே கிட்டார் கேட்க வேண்டும். அதே பீச்சம்தான் சில ஆண்டுகளில் ரிக்கன்பேக்கருடன் சேர்ந்து குதிரைலாட வடிவக் காந்த பிக்கப்பைச் செய்தார். 1932இல் அது விற்பனைக்கு வந்தது. கூம்போடு நின்றுவிடாமல் காந்தத்துக்குப் போனவரே அவர்தான்.

தொண்டி_கோட்டுவாத்தியம்:
அந்தக் காந்தத்தை அவர் எதில் வைத்தார் என்பதையும் சொல்லுங்கள் அண்ணா. வாணலி என்று பெயர் வாங்கிய, மடியில் வைத்து வாசிக்கும் 'ஸ்டீல் கிட்டார்' வகையில், அலுமினியத்தில் வார்த்த ஒன்றில். அதில் கூம்பே கிடையாது. காந்தம் வந்த இடத்தில் கூம்புக்கு வேலை இல்லை என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. தம்பியின் கையில் இருப்பது கூம்பு உள்ள கருவி.

கீழக்கரை_மின்பணி:
இருவரும் ஒயரின் மறுமுனையைப் பார்க்கவில்லை. பீசோவை நேராக மிக்சரில் செருகினால் ஒலி மெலிந்து தகரம் போலக் கேட்கும். அதன் மின்தடை மிக அதிகம், அதைச் செருகும் உள்ளீட்டின் மின்தடையும் 1 மெகாஓம் அளவாவது இருக்க வேண்டும். மிக்சரில் அது இருக்காது, ஆகவே இடையில் ப்ரீஆம்ப் என்னும் சிறு முன்பெருக்கி கட்டாயம். பீசோவைக் குறை சொல்கிறவர்களில் பலர் ப்ரீஆம்ப் இல்லாமல் கேட்டவர்கள். காந்தத்துக்கும் குறை உண்டு. ஒற்றைச் சுருள் என்றால் சீரியல் பல்பு, ஜெனரேட்டர் எல்லாவற்றின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் இழுக்கும், திருவிழாவில் அவை இல்லாமலா? இரட்டைச் சுருள் வாங்குங்கள். பாஸ்பர் பிரான்ஸ் கம்பியில் உள்ளே இருக்கும் எஃகு மட்டுமே காந்தத்துக்குத் தெரியும், மேலே சுற்றிய வெண்கலம் தெரியாது. தடித்த கம்பிகள் மெலிந்தும் சுற்றில்லாத இரண்டும் கூர்மையாகவும் கேட்கும். நிக்கல் கம்பிக்கு மாறுங்கள்.

என்னைக் கேட்டால் இரண்டையும் போடலாம். வாசிப்பவருக்கு எதிரே வைக்கும் மானிட்டர் பாக்ஸுக்குக் காந்தம் மட்டும் போகட்டும், மக்களைப் பார்த்து நிற்கும் பாக்ஸுக்கு பீசோவும் கலந்து போகட்டும். ஊளை பெரும்பாலும் மானிட்டரிலிருந்துதான் தொடங்குகிறது.

பாம்பன்_ஒலிபெருக்கி:
தனியாக வாசிக்கும் கச்சேரிக்கு இது நல்ல வழி. திருவிழா மேடையில் பாடகர் குழுவுக்கே 8 மைக், கீபோர்டு, தபேலா. கிட்டாருக்கு மிக்சரில் இரண்டு சேனலுக்கு எங்கே போவது? ஊளை வந்தால் ஆராதனை நடுவில் எல்லார் முகமும் என் பக்கம் திரும்பும்.

தங்கச்சிமடம்_கிட்டார்:
நண்பரின் கிட்டாரிலிருந்த காந்த பிக்கப்பை டேப்பால் ஒட்டி நேற்று வீட்டு மொட்டை மாடியில் வாசித்தேன். பாம்பன் அண்ணன் சொன்னபடியே காற்று கொஞ்சமும் கேட்கவில்லை. ஆனால் கம்பிமேல் நகர்த்தும் ஸ்லைடு மேலே ஏறும்போது இந்தக் கிட்டாருக்கே உரிய கரகரப்பு ஒன்று வரும், மாமா இதை வாங்கியதே அதற்காகத்தான். அது பாக்ஸில் வரவில்லை. பக்கத்தில் நின்ற தங்கைக்கு நேராகக் கேட்டது, கீழே தெருவில் நின்ற அம்மாவுக்குக் கேட்கவில்லை. இப்போது எனக்கு பீசோவையும் கேட்டாக வேண்டும்.

தொண்டி_கோட்டுவாத்தியம்:
என்னிடம் ஒன்று இருக்கிறது, ப்ரீஆம்ப்போடு. சனிக்கிழமை கொண்டுவருகிறேன்.

பாம்பன்_ஒலிபெருக்கி:
நானும் ஒரு பாக்ஸும் சின்ன மிக்சரும் எடுத்து வருகிறேன். வீட்டுக்குள் வேண்டாம், கரையில் வைத்துக் கேட்போம். பீசோ ஊளையிடாமல் நின்றால் ஒரு சேனலை எப்படியாவது ஒதுக்கித் தருகிறேன்.

தொண்டி_கோட்டுவாத்தியம்:
சம்மதம். தம்பி, புதுக் கம்பி மாட்டி வையுங்கள். உப்புக்காற்றில் துருவேறிய கம்பியை வைத்து எந்த பிக்கப்பையும் தீர்மானிக்க முடியாது.