காரைநகர் வெட்டையில் எட்டு அங்குலத் தொலைகாட்டி: ஓரத்து நட்சத்திரம் வரை

கணினி பொருத்திய தொலைகாட்டி வாங்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள், அதனால் என் அனுபவத்தைச் சொல்கிறேன். என்னிடம் இருப்பது கனடாவிலிருந்து வந்த சித்தப்பா விட்டுப்போன மீட் நிறுவனத்தின் எல்எக்ஸ்90, எட்டு அங்குலம், ஏசிஎஃப் வகை, அதாவது ஓரத்து உருக்குலைவைத் திருத்திய வகை. பெயரைத் தட்டினால் தானே திரும்பித் தேடிப்பிடிக்கும் அந்தக் கைக்கருவியைத்தான் எல்லாரும் புகழ்வார்கள். எனக்கோ அதைவிடப் பெரிது, பார்வைப் புலத்தின், அதாவது கண்வில்லையில் தெரியும் வட்டத்தின், ஓரம் வரைக்கும் நட்சத்திரம் புள்ளியாகவே நிற்பது.

இந்த வகையின் சாதாரண வடிவம் ஷ்மிட்-காசெக்ரெய்ன், இரண்டு ஆடிகளும் முன்னால் ஒரு கண்ணாடித் தட்டும் கொண்ட குழாய். அதில் பிரதான ஆடி கோள வடிவம். கோள ஆடி ஒளியை ஒரே புள்ளியில் குவிக்காத குறையை, அதாவது கோளப் பிறழ்ச்சியை, முன்னால் இருக்கும் கண்ணாடித் தட்டு சரிசெய்துவிடும், ஆனால் கோமா மிஞ்சும், அதாவது நடுவில் ஒழுங்காக இருக்கும் நட்சத்திரத்துக்கு ஓரத்தில் வால் முளைக்கும். ஏசிஎஃப்பில் இரண்டாம் ஆடி அதிபரவளைவு வடிவம் எடுப்பதால் அந்த வால் போய்விடுகிறது. செலஸ்ட்ரான் நிறுவனத்தின் எட்ஜ் எச்டி வகையில் குழாய்க்குள் வில்லைகள் வைத்து, நடுவும் ஓரமும் ஒரே சமயத்தில் குவியாத புல வளைவையும் சேர்த்துத் திருத்தியிருக்கிறார்கள், அந்த வகையில் அது ஒரு படி மேல்.

சித்திரை மாதம், நள்ளிரவை ஒட்டி, நண்பரின் பழைய, சாதாரண எட்டு அங்குலத்தையும் பக்கத்தில் வைத்து ஒரே 25 மி.மீ. கண்வில்லையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். சித்திரை நட்சத்திரம் தன் உச்ச உயரத்துக்கு வரும்போது அதற்கு நேர் கீழே, தெற்கில் சுமார் 33 பாகை உயரத்தில் ஒமேகா சென்டோரி கோளக்கொத்து, அதாவது பந்து போலத் திரண்ட நட்சத்திரக் கூட்டம், வரும். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு அநேகமாகக் கிடைக்காத காட்சி. எண்பது மடங்கு உருப்பெருக்கத்தில் அது புலம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும், ஆகவே ஓரத்தின் தரம் அங்கேதான் தெரியும். நண்பருடையதில் கூர்ந்து பார்த்தால் ஓரத்து நட்சத்திரங்கள் கொஞ்சம் வீங்கித் தெரிந்தன. என்னுடையதில் பக்கத்து வளவு அண்ணை நெடுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு, "தம்பி, சீனி கொட்டின மாதிரிக் கிடக்கு, கரை மட்டுக்கும் ஒவ்வொண்டும் தனித்தனியாத் தெரியுது" என்றார். எனக்கு அது போதும்.

சரி, யாழ்ப்பாணத்துக்கென்றே சில விஷயங்கள். நாம் இருப்பது கிட்டத்தட்ட 9 பாகை 40 கலை வடக்கில், அதனால் துருவ நட்சத்திரம் சுமார் பத்துப் பாகை உயரத்தில்தான் நிற்கும், பனைக்கூடலும் தொடுவானப் புகாரும் அதை மறைத்துவிடும். துருவத்தை நோக்கிச் சாய்த்து வைக்கும் தாங்கியை இங்கே கிட்டத்தட்டப் படுக்கவைக்க வேண்டும், அவ்வளவு பாரத்தோடு அது பெரிய உபத்திரவம். பேசாமல் தட்டையாக வைத்து, சுவாதி, சித்திரை போல இரண்டு பிரகாசமான நட்சத்திரங்களைக் காட்டிக்கொடுங்கள், மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும். ஆனால் அப்படி வைத்தால் புலம் மெல்ல மெல்லச் சுழலும், நீண்ட நேரப் படம் எடுக்க முடியாது, குறுகிய நேரப் படங்களாக எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும்.

அப்புறம் பனி. முன்னால் இருக்கும் அந்த எட்டு அங்குலக் கண்ணாடி கடற்காற்றில் சட்டென்று வியர்த்துவிடும். மெல்லிய நுரைப் பாயைச் சுருட்டி முன்னால் மூக்குப் போல மாட்டுங்கள், துணியால் துடைத்துவிடாதீர்கள், உப்பும் தூசும் பூச்சைக் கீறிவிடும்.

கண்ணால் மட்டும் சந்திரனும் வியாழனும் பார்க்கப்போகிறவர்களுக்கு இந்தத் திருத்திய ஒளியியல் கட்டாயம் என்று சொல்லமாட்டேன், கோள்கள் நடுவில்தானே நிற்கும். கொத்துகளைப் பார்க்கவும் படம் எடுக்கவும் ஆசை என்றால் மேலதிகக் காசைத் தயங்காமல் போடுங்கள். பழையது கையில் இருப்பவர்கள் ஒன்றைச் சோதியுங்கள்: நடுவில் நிற்கும் நட்சத்திரத்துக்கும் வால் இருந்தால் அது வடிவமைப்பின் குறை அல்ல, ஆடிகள் நேர் தவறியிருக்கின்றன, இரண்டாம் ஆடியில் உள்ள மூன்று திருகாணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் சரியாகும்.