மழை பெய்தால் காரின் இடதுபக்க கால்மிதிக்கு அடியில் தண்ணீர்: கண்ணாடிக்கு சிலிக்கான் வைக்கலாமா?

நீலவண்டி:
வணக்கம். 2015 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், சன்ரூஃப் கிடையாது. இரவு நல்ல மழை பெய்தால் காலையில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் கால் வைக்கும் இடம் முழுக்க ஈரம். கார்பெட்டை அழுத்தினால் தண்ணீர் பொங்கி வருகிறது. பின்சீட் இடதுபக்கமும் நனைந்திருக்கிறது. ஏசித் தண்ணீர் வெளியேறும் ட்ரெயின் பைப் அடைப்பு என்று சொல்லி ஒர்க்ஷாப்பில் சுத்தம் செய்தார்கள். அடுத்த மழைக்கும் அப்படியே. முன்கண்ணாடியைச் சுற்றி சிலிக்கான் வைத்துவிடலாம் என்று இப்போது சொல்கிறார்கள். வைக்கலாமா?

டிங்கர் அண்ணாச்சி:
வைக்காதீர்கள் தம்பி. தண்ணீர் எங்கே நுழைகிறது என்று கண்ணால் பார்க்கும்வரை எதையும் அடைக்கக் கூடாது. வெளியே ஒரு இடத்தை மூடினால், உள்ளே போன தண்ணீர் வேறு வழி தேடி இன்னும் தள்ளிப் போய் நிற்கும். பிறகு தேடுவது இரட்டிப்பு வேலை.

சிலிக்கானிலேயே ஒரு கெடுதல் உண்டு. வினிகர் வாடை அடிக்கும் சாதா சிலிக்கான், பெயின்ட் உரிந்த தகரத்தில் பட்டால் துருவைக் கிளப்பிவிடும். அதன் பிசுபிசுப்பு ஒட்டிய இடத்தில் நாளைக்குக் கண்ணாடி ஒட்டும் பியூ பசையும் பிடிக்காது. நிஜமாகவே கண்ணாடிதான் கசிகிறது என்றால் அதைக் கழற்றி, பழைய பசையை 1–2 மி.மீ. கனம் விட்டுச் சீவி, கீறல் விழுந்த இடத்துக்கு பிரைமர் அடித்து, புதிதாக பியூ பசை போட்டு உட்கார வைப்பதுதான் முறை.

முதலில் இதைச் சொல்லுங்கள். மழையே இல்லாத நாளில் ஏசி போட்டு ஒரு மணி நேரம் ஓட்டினால் ஈரம் வருகிறதா? தண்ணீரை விரலில் தேய்த்தால் வழுவழுப்பு, இனிப்பு வாடை, பச்சை அல்லது ரோஸ் நிறம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அது கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), ஹீட்டர் காயில் கசிகிறது என்று அர்த்தம். கடைசியாக, கார்பெட்டில் ஈரம் எந்த ஓரத்தில் அதிகம்? டேஷ்போர்டுக்கு அடியில் மேல்பக்கமா, கதவுப்படி ஓரமா?

நீலவண்டி:
வெயில் நாளில் ஏசி போட்டாலும் சொட்டு ஈரம் இல்லை அண்ணாச்சி. கூலண்ட் அளவும் குறையவில்லை, தண்ணீரில் வாடை இல்லை. டேஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தால் மேல்பக்கம் காய்ந்திருக்கிறது. கதவுப்படியின் பிளாஸ்டிக் பட்டையைக் கிளப்பினால் அதற்கு அடியில் ஈரம் இருக்கிறது.

ஸ்பேனர்14:
அப்படியானால் ஏசியும் ஹீட்டரும் கணக்கில் இல்லை. முன்கண்ணாடிக்கு அடியில் மழைத் தண்ணீர் இறங்கும் தொட்டியான கவுலையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலைதான். பானட்டைத் திறந்தால் வைப்பருக்குக் கீழே கருப்பு பிளாஸ்டிக் ஜாலி இருக்கும். அதன் வழியாக மெதுவாக 2 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். முன்சக்கரங்களுக்குப் பின்னால் தங்குதடையின்றி இறங்க வேண்டும். தேங்கினால் உள்ளே இலை மக்கி அடைத்திருக்கிறது. வேப்பமரத்தடியில் நிறுத்தும் வண்டிகளில் இது சகஜம். தேங்கும் தண்ணீர் மட்டம் ஏறி, புளோயருக்குக் காற்று போகும் வாய்வழியாக உள்ளே விழும். கிளவ் பாக்ஸைக் கழற்றி கேபின் ஃபில்டரை உருவிப் பாருங்கள். நனைந்து கறை படிந்திருந்தால் வழி அதுதான்.

அடைப்பு எடுக்கக் கம்பி வேண்டாம், நைலான் கேபிள் டை போதும். ஏசி ட்ரெயினுக்கும் இதே விதி. கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் அடித்தால் உள்ளே பைப் கழன்றுவிடும், பிறகு டேஷ்போர்டையே இறக்க வேண்டி வரலாம்.

நீலவண்டி:
ஊற்றினேன். இரண்டு பக்கமும் உடனே இறங்கிவிட்டது. ஃபில்டர் காய்ந்திருக்கிறது.

டிங்கர் அண்ணாச்சி:
நல்லது. இனி தண்ணீர் சோதனை. ஒருவர் உள்ளே டார்ச்சோடு, ஒருவர் வெளியே ஓஸ் பைப்போடு. வாட்டர் வாஷ் கன் கூடாது. அந்த வேகத்துக்குக் கதவைச் சுற்றியுள்ள நல்ல ரப்பர் பீடிங்கும் கசியும், தப்பான இடத்தைக் காட்டும். தோட்டத்துக்கு விடுகிற அளவு ஒழுக்கு போதும்.

கதவுப்படி பட்டையைக் கழற்றிவிட்டு, கார்பெட் ஓரத்தைச் சுருட்டி வைத்து, தகரத்தைத் துடைத்துக் காயவிட்டு, டால்கம் பவுடர் தூவுங்கள். கதவைச் சாத்தி, கீழிருந்து மேலே போங்கள்: முதலில் கதவின் கீழ்ப்பாதி, அடுத்து கண்ணாடி இறங்கும் ரப்பர், பிறகு கதவின் மேல் விளிம்பு, கடைசியில் முன்கண்ணாடியும் கூரையும். ஒவ்வொரு இடத்திலும் குறைந்தது ஐந்து நிமிடம். கூரையில் ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எதுவும் தெரியாது. பவுடரில் முதல் கோடு எங்கிருந்து ஓடுகிறது என்பதை உள்ளே இருப்பவர் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று. கதவு ஸ்பீக்கர் எப்போதாவது மாற்றினீர்களா?

நீலவண்டி:
ஆமாம், போன வருடம் முன்கதவு இரண்டிலும் மாற்றினோம். சோதனையும் செய்துவிட்டோம். கதவின் கீழ்ப்பாதியில் விட்டபோது ஒன்றுமில்லை. கண்ணாடி இறங்கும் ரப்பரில் விட்ட மூன்றாவது நிமிடம், டோர் பேடின் (கதவின் உள்பக்க அட்டை) அடி ஓரத்திலிருந்து சொட்டி, ரப்பர் பீடிங்குக்கு உள்பக்கமாகவே படியில் விழுந்து கார்பெட்டுக்குள் போனது.

டிங்கர் அண்ணாச்சி:
கிடைத்துவிட்டது. மழைத் தண்ணீர் கண்ணாடியை ஒட்டிக் கதவுக்குள் இறங்குவது இயல்புதான். அது கதவின் அடி ஓட்டைகள் வழியாக வெளியேறும்படிதான் வண்டியைச் செய்கிறார்கள். கேபினுக்கு வராமல் தடுப்பது டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட். ஸ்பீக்கர் போட்டவர்கள் அதை அறுத்திருப்பார்கள், அல்லது ஒட்டாமல் விட்டிருப்பார்கள்.

டோர் பேடைக் கழற்றுங்கள். கைப்பிடிக் கிண்ணத்துக்குள் மூடிக்கு அடியிலும் ஸ்க்ரூ இருக்கும், அதைப் பார்க்காமல் இழுத்து உடைப்பவர்கள் அதிகம். ஓரக் கிளிப்புகளில் சில உடையும், அரை டஜன் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். ஷீட் கொஞ்சம்தான் கிழிந்திருந்தால் பிசின் போல ஒட்டும் ரப்பர் டேப்பான பியூட்டைல் டேப்பால் ஒட்டலாம். அதிகம் போயிருந்தால் கனமான பாலித்தீன் ஷீட்டில் பழையதை வைத்து அதே அளவுக்கு வெட்டுங்கள். தகரத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, சுற்றிலும் எங்கும் விடாமல் பியூட்டைல் டேப் ஓட்டி, ஹேர் டிரையரால் சூடேற்றி அழுத்துங்கள். ஷீட்டின் அடி விளிம்பு கதவுக்கு உள்பக்கமாகச் செருக வேண்டும். வெளியே தொங்கினால் தண்ணீரை நேரே பேடுக்குக் கொண்டு வந்துவிடும். சாதா டபுள் டேப் வெயிலுக்குக் கழன்றுவிடும், அதை நம்பாதீர்கள்.

ஸ்பீக்கருக்கும் தகரத்துக்கும் நடுவே ஃபோம் வளையம், கதவுக்கு உள்ளே ஸ்பீக்கருக்கு மேல் சின்னப் பிளாஸ்டிக் குடை, இரண்டும் வேண்டும். கதவின் அடி ஓட்டைகளையும் கேபிள் டையால் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

ஸ்பேனர்14:
கசிவை நிறுத்தியதோடு விட்டுவிடாதீர்கள். கார்பெட் மேலே காய்ந்தாலும் அடியில் இருக்கும் ஃபோம் வாரக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். பின்சீட் பக்கம் நனைந்தது அந்த வழியாகத்தான். முன்சீட்டைக் கழற்ற வேண்டும், நான்கு போல்ட்தான். ஆனால் முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பத்து நிமிடம் கழித்தே சீட்டுக்கு அடியில் உள்ள கனெக்டர்களைத் தொடுங்கள். மஞ்சள் நிறத்தில் இருப்பது ஏர்பேக்குக்கானது. அது கழன்றிருக்கும்போது இக்னிஷன் போட்டால் ஏர்பேக் விளக்கு எரிந்து நிற்கும், ஸ்கேனர் வைத்துத்தான் அழிக்க வேண்டும்.

வெட் வாக்குவமால் உறிஞ்சி, கார்பெட்டைத் தூக்கி நிறுத்தி, அடியில் ஃபேன் விடுங்கள். இரண்டு மூன்று நாள் ஆகும். கனெக்டர்களில் பச்சை பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். தரையில் துரு ஆரம்பித்திருந்தால் சுரண்டி, பிரைமரும் பெயின்ட்டும் அடித்த பிறகே கார்பெட்டைப் போடுங்கள். தண்ணீர் வடிய தரையின் ரப்பர் மூடியைக் கழற்றினால் மறக்காமல் திருப்பி மாட்டுங்கள். இல்லையென்றால் ரோட்டுத் தண்ணீர் அதன் வழியாக மேலே ஏறும்.

நீலவண்டி:
பேடைக் கழற்றினோம். ஷீட்டின் கீழ்மூலை ஸ்பீக்கரைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு அறுந்து தொங்கியது. புது ஷீட் ஒட்டி அதே இடத்தில் பதினைந்து நிமிடம் தண்ணீர் விட்டோம். எல்லாம் அடி ஓட்டைகள் வழியாகவே போயிற்று, பவுடர் காய்ந்தே இருக்கிறது. ஃபோம் இன்னும் காய்கிறது. மிக்க நன்றி அண்ணாச்சி, ஸ்பேனர் சார்.

டிங்கர் அண்ணாச்சி:
சந்தோஷம் தம்பி. டிரைவர் பக்கக் கதவிலும் அதே ஆட்கள்தானே ஸ்பீக்கர் போட்டார்கள்? அந்த பேடையும் இந்த வாரமே கழற்றிப் பாருங்கள்.