மட்சா டீ உடம்புக்கு நல்லதா? புதுச்சேரி, கடலூர் நண்பர்கள் சொல்லுங்கள்

லாஸ்பேட்டை வாசகி:
ஒயிட் டவுன் கஃபே ஒன்றில்தான் முதலில் குடித்தேன். பிடித்துப்போய், எட்டு மாதமாக வீட்டிலேயே காலையில் ஒரு கப். முன்பு தினமும் நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. இப்போது அந்த டீயும் இல்லை, சர்க்கரையும் இல்லை. காபி குடித்தால் வருகிற படபடப்பு இதில் எனக்கு வரவில்லை. சாதாரண கிரீன் டீயில் இலையை ஊறவைத்துத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். மட்சாவில் இலையையே மாவாக அரைத்துக் குடிக்கிறோம். அதனால் சத்து முழுதாகக் கிடைக்கும் என்று நம்புகிறேன். என் நாத்தனார், இவ்வளவு காசு கொடுத்துப் பச்சைத் தண்ணி குடிக்க வேண்டுமா என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மஞ்சக்குப்பம் லேப்:
கடலூரில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன் அக்கா. உங்களுக்கு நல்லது செய்தது மட்சாவா, நீங்கள் விட்ட எட்டு ஸ்பூன் சர்க்கரையா? எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது.

என் அண்ணிக்கு ஹீமோகுளோபின் 9.2 இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை போட்டுக்கொண்டே, மதியம் சாப்பிட்ட கையோடு மட்சா குடிப்பார். மூன்று மாதம் கழித்து நானே ரத்தம் எடுத்தேன்: 9.4. டீயில் உள்ள பாலிஃபீனால்கள் என்ற துவர்ப்புப் பொருட்கள் கீரை, பருப்பு, மாத்திரை இவற்றின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும்; குடலில் சேரவிடாது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இப்படிப்பட்ட ஊரில் 'எல்லோரும் குடியுங்கள்' என்று பரப்புவது எனக்குப் பயமாக இருக்கிறது.

குருசுக்குப்பம் டீக்கடை:
தங்கச்சி, அந்தக் குறை நம்ம பால் டீக்கும் உண்டே? அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் லேப்:
உண்டு அண்ணா, மறுக்கவில்லை. ஆனால் பால் டீயை யாரும் மருந்து என்று விற்பதில்லை.

முத்தியால்பேட்டை:
மருந்து என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் வெறும் விளம்பரம் என்று தள்ளவும் மாட்டேன். ஜப்பானில் ஓசாகி என்ற பகுதியில் 40,530 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தினமும் ஐந்து கப்போ அதற்கு மேலோ கிரீன் டீ குடித்தவர்களிடம் இதய, ரத்தக்குழாய் நோய்களால் வரும் மரணம் குறைவாக இருந்தது. பெண்களிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

அப்புறம், மட்சாவுக்கான தேயிலையைப் பறிப்பதற்குச் சுமார் மூன்று வாரம் முன்பே செடிக்கு நிழல் போட்டுவிடுவார்கள். அப்போது இலையில் பச்சையமும் தியானின் என்ற அமினோ அமிலமும் கூடும். லாஸ்பேட்டை அக்காவுக்குப் படபடப்பு வராததற்கு அந்தத் தியானினும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மஞ்சக்குப்பம் லேப்:
அந்த ஆய்வில் புற்றுநோய் மரணம் குறையவில்லை என்பதையும் சொல்லுங்கள். அவர்கள் குடித்ததும் பெரும்பாலும் ஊறவைத்த கிரீன் டீ. மீனும் காய்கறியும் சாப்பிடும் பழக்கத்தோடு குடித்தவர்கள். அதை அப்படியே பால் கலந்த மட்சா லாட்டேக்கு எடுத்து ஒட்டமுடியாது. கிரீன் டீயால் எடை குறையும் என்று சிலர் சொல்வதற்கும் பலமில்லை: மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் குழு 2012-ல் பல சோதனைகளைத் திரட்டிப் பார்த்தது, குறைந்த எடை கணக்கில் வராத அளவுதான். காஃபீனும் ஒரு கப் மட்சாவில் ஏறக்குறைய 60 மில்லிகிராம் வரும். கர்ப்பிணிகளுக்கு ஒரு நாள் வரம்பு 200 என்பதால், காபியும் குடிப்பவர்கள் கூட்டிப் பார்க்க வேண்டும்.

குருசுக்குப்பம் டீக்கடை:
நான் சரக்கைப் பற்றிச் சொல்கிறேன். மருமகன் 30 கிராம் டப்பா வாங்கி வந்தான். திறந்த அன்று இளம் அருகம்புல் நிறம். சலித்து, சூடு ஆறிய வெந்நீர் விட்டு மூங்கில் மத்தால் அடித்தபோது பொடிப்பொடியாக நுரை கட்டியது. கடற்கரை ஈரக்காற்றில் அடுக்களை மேடையிலேயே வைத்துவிட்டோம். மூன்றே வாரத்தில் கட்டி தட்டி, நிறம் காய்ந்த வாழையிலை மாதிரி மங்கி, வைக்கோல் வாசம் வந்துவிட்டது. இங்கே வாங்குகிறவர்கள் சின்ன டப்பாவாக வாங்கி, இறுக்கி மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். காசு கொடுத்துப் பழைய தூளைக் குடிப்பதற்கு என் கடை இஞ்சி டீயே மேல்.

லாஸ்பேட்டை வாசகி:
சரி, சாப்பாட்டோடு குடிக்கமாட்டேன். ஆனால் விடவும் மாட்டேன் தங்கச்சி. சர்க்கரையை விடவைத்ததே இதுதான். அதுவும் ஒரு பலன்தானே? உங்கள் அண்ணி இப்போது எப்படி இருக்கிறார்?

மஞ்சக்குப்பம் லேப்:
மட்சாவை மாலை நான்கு மணிக்குத் தள்ளிவிட்டார், மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு போடுகிறார். போன மாதம் 10.8. சர்க்கரை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பலனுக்கு வெறும் சுக்குத் தண்ணியும் போதும் என்பதுதான் என் கட்சி.

லாஸ்பேட்டை வாசகி:
இன்னொன்று. அம்மாவுக்கு இதய வால்வு ஆபரேஷன் ஆகி, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை போடுகிறார். ஆசைப்பட்டார் என்று நேற்று அரை கப் கொடுத்தேன்.

முத்தியால்பேட்டை:
அக்கா, அதை உடனே நிறுத்துங்கள். இந்த ஒரு விஷயத்தில் நானும் லேப் தங்கச்சி பக்கம்தான். இலையை முழுதாகக் குடிப்பதால், ரத்தம் உறைய உதவும் விட்டமின் கே உள்ளே போகும். அது வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும்.

மஞ்சக்குப்பம் லேப்:
ஆமாம். மாத்திரை அளவை நீங்களாக மாற்றவும் வேண்டாம். டாக்டருக்கு இன்றே போன் செய்து கேளுங்கள்.

லாஸ்பேட்டை வாசகி:
பேசிவிட்டேன். நாளைக் காலை ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பரிசோதனை) பார்க்க வரச் சொன்னார். டப்பாவையும் கையோடு எடுத்துப் போகிறேன்.